வந்தவங்களுக்கெல்லாம் கயிறு கட்டின கட்சி

பெரிய கட்சியில வேலை பார்த்தா பதவி வரும், சின்னக் கட்சியில வேலை பார்த்தா பித்தவெடிப்புதான் வரும். நம்பிக்கை இல்லைன்னா என் குதிகாலை வந்து பாருங்க. உங்கள்ல யாராவது சின்னக் கட்சியில இருந்தா செருப்பைக் கழட்டிப் பாருங்க, உங்களுக்கும் இருக்கும்.

எங்க கட்சிப் பேரைச் சொல்லப் போறதில்ல. சொன்னா, "அப்படி ஒரு கட்சி இருக்கா?"ன்னு கேட்பீங்க, எனக்குச் சுர்ருனு வரும். தர்காவுக்குப் போறவங்க, ஸூஃபி வழியில நிக்கிறவங்க, சாதி மதம் பார்க்காம ஒரே பாயில உட்கார்ந்து பாத்தியா ஓதின சோறு சாப்பிடுறவங்க, இவங்களுக்கும் ஒரு குரல் வேணும்னு ஆரம்பிச்ச கட்சி. பதிவு உண்டு, அங்கீகாரம் கிடையாது. தலைவர் எங்க ஹஜ்ரத். திருவொற்றியூர்ல எண்ணூர் ரோட்டோரம் ஒரு சின்ன தர்காவைப் பார்த்துக்கிறவர். எழுபது வயசு, குரலை உசத்தி நான் கேட்டதே இல்ல. நான் காதர், தலைமை நிலையச் செயலாளர். மலைச்சிடாதீங்க. தலைமை நிலையம்கிறது ராயபுரம் கல்மண்டபத்துல மீன்வலை நூல் விக்கிற கடைக்கு மேல ஒரு ரூம். மூணு நாற்காலி. அதுல ஒண்ணுக்குக் கால் ஆடும். இன்னொண்ணுல நான் உட்கார்ந்தா என் கால் ஆடும்.

ஆமா, என்னால ஒரு இடத்துல குந்த முடியாது. பகல்ல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல குமாஸ்தா வேலை, அது முடிஞ்சதும் கட்சி. நடந்துகினே இருப்பேன். எம்பொஞ்சாதி, "உங்களுக்குக் கட்சி வேணாம், ஒரு பஸ் ரூட் குடுத்தாப் போதும்"னு சொல்லுவா. பன்னிரண்டு வருஷமா நடந்தும் எங்கேயும் போய்ச் சேரலையேங்கிற அரிப்பு எனக்குள்ள இருந்துகினே இருக்கு. அந்த அரிப்புலதான் இதை எழுதறேன்.

யாரை எதிர்க்கறீங்க?

ஒருதடவை தெருமுனைக் கூட்டம் போடலாம்னு பர்மிஷன் கேட்டு ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க, நாளைக்கும் நான் அங்கதான் போவணும். ரைட்டர் நல்ல மனுஷன். டீ சொன்னார், பேப்பரை வாங்கினார், கண்ணாடியைப் போட்டார். "கூட்டம் யாரை எதிர்த்து?"ன்னு கேட்டார். "யாரையும் எதிர்த்து இல்ல சார்"னேன். "ஆளுங்கட்சியைக் கண்டிச்சா?" "இல்ல சார்." "எதிர்க்கட்சியை?" "இல்ல சார். எங்க கட்சியில யாரையும் திட்டக் கூடாதுன்னு இருக்கு. சட்டதிட்டத்துல முதல் விதியே அதான். ரெண்டாவது விதி, வாசலுக்கு வந்தவங்களை இல்லைன்னு சொல்லி அனுப்பக் கூடாது."

ரைட்டர் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷ சர்வீஸ்ல அப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததில்லைன்னு முகத்துலயே தெரிஞ்சது. பேப்பரை மடிச்சு என் கையிலயே திருப்பிக் குடுத்தார்.

"யாரையும் திட்டலன்னா அது கூட்டம் இல்ல பாய், பஜனை. அதுக்கு இன்னாத்துக்கு பர்மிஷன், போய் நடத்திக்க."

சபுரா படியேறி வந்தது

கவுன்சிலர் எலெக்சன் அறிவிச்ச வாரம். எங்க வார்டைப் பெண்களுக்குன்னு ஒதுக்குவாங்கன்னு பேச்சு, கடைசியில பொதுவாயிடுச்சு. எப்படியும் எங்ககிட்ட நிக்கிறதுக்கு ஆணும் இல்ல, பெண்ணும் இல்ல. நான் ரூம்ல குறுக்கும் நெடுக்கும் நடந்துகினு இருந்தேன். மரப்படியில தொம் தொம்முனு சத்தம். ஒரு பொம்பளை வந்து நின்னா. முந்தானையில இறால் வாசம். இறால் கம்பெனியில ஓடு உரிக்கிற வேலை, நேரா அங்கேர்ந்து வந்திருக்கா. சபுரான்னு பேரு. தர்காவுக்குப் பின்தெரு.

அவ பிரச்சினை இதுதான், நல்லா கேட்டுக்கங்க, இனிமே எல்லாம் இதைச் சுத்தித்தான். பின்தெருவுலேர்ந்து தர்கா வாசலுக்கு ஒரு சந்து. எனக்கு நினைவு தெரிஞ்சதுலேர்ந்து ஜனங்க அது வழியாத்தான் போறாங்க வர்றாங்க. பக்கத்துல இருக்கிற கன்டெய்னர் யார்டுக்காரங்க, "அந்தச் சந்து எங்க பட்டாவுல வருது, சந்து வாயில செவுரு வைக்கப் போறோம்"னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. செவுரு வந்தா சுத்திக்கினு எண்ணூர் ரோட்டுலதான் போவணும். அந்த ரோடு எப்படின்னு உங்களுக்குத் தெரியும். ஹார்பருக்குப் போற டிரெய்லர் லாரிங்க வரிசையா நிக்கும், நகரும், எந்த நேரத்துல எது நகரும்னு அதுங்களுக்கே தெரியாது. சபுராவோட வூட்டுக்காரர் யூசுஃபுக்கு அந்த ரோட்டுலதான் ஒரு டிரெய்லர் இடது காலை எடுத்துடுச்சு. இப்போ கையால சுத்தி ஓட்டுற மூணு சக்கர வண்டி. தெனம் சந்து வழியா தர்கா வாசலுக்கு வந்து பூ, ஊதுபத்தி, சர்க்கரை விக்கிறார். செவுரு வந்தா அந்த வண்டியோட அந்த ரோட்டுலதான் இறங்கணும்.

நான் ஏதோ தலைவர் மாதிரி, "கட்சிக் கொள்கையெல்லாம் தெரியுமாம்மா? ஜெயிக்கிறது சுலபம் இல்ல"ன்னு ஆரம்பிச்சேன். அவ கையைத் தூக்கி நிறுத்தினா.

"ஜெயிக்கறதுக்கு வரலண்ணே. செவுரு வராம இருக்கணும், அதுக்கு இன்னா ஃபாரம் ரொப்பணுமோ குடு."

சின்னம்

சபுராவையே வேட்பாளரா நிறுத்திட்டோம். சுயேச்சைச் சின்னம் பட்டியல்ல நாங்க விளக்கு மாதிரி ஏதாவது கேட்டிருந்தோம். குலுக்கல்ல வந்தது மிக்ஸி. எனக்குத் தலையில அடிச்சுக்கணும் போல இருந்தது. சபுராவுக்குச் சந்தோஷம். அவ வூட்ல மிக்ஸி ரிப்பேராம்.

நம்ம ஊர்ல மிக்ஸி படத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஒரு வூட்லயும் யாரும் ஓட்டைப் பத்திப் பேசல. "ஒரு ஜாரா ரெண்டு ஜாரா?"ன்னு கேட்டாங்க. "வூட்டுக்கு ஒண்ணா, கார்டுக்கு ஒண்ணா?"ன்னு கேட்டாங்க. நான் தெருத் தெருவா நின்னு, "இது சின்னம்தாம்மா, சாமான் இல்ல"ன்னு தொண்டை வறள விளக்கினேன். விளக்க விளக்க ஓட்டுக் குறையுதுன்னு கண்ணுக்கு நேரா தெரியுது, ஆனா பொய் சொல்ல மனசு வரல. குழாயடியில ஒரு பெரியவர் குடத்தை வச்சிட்டு என் பேச்சு மொத்தத்தையும் பொறுமையா கேட்டார். கேட்டு முடிச்சிட்டு குடத்தைத் தூக்கினார்.

"படத்தக் காமிச்சிட்டு சாமான் இல்லன்னா, அதுக்கு நீ ஒரு லட்டு படத்தையாவது காமிச்சிருக்கலாம் நைனா."

டில்லியும் மைக்கும்

எங்க பிரசார வண்டி டில்லியோட ஆட்டோ. டில்லி எங்க பகுதிச் செயலாளர், நெத்தியில விபூதி, கையில தர்காக் கயிறு, ரெண்டையும் விடமாட்டான். முன்னால பெரிய கட்சிகளுக்கு மைக்ல கூவினவன். எதிர்க்கட்சி வேட்பாளரோட தாத்தா வரைக்கும் இழுத்துத் திட்டுறதுல பேர் வாங்கினவன். எங்க வண்டியில திட்டக் கூடாதுன்னதும் தவிச்சுப் போயிட்டான். வாயைத் திறப்பான், மூடிப்பான். எங்களுக்கு எதிரா நின்ன பெரிய கட்சி வேட்பாளர் லோகு. அவர் வூட்டைத் தாண்டும்போது என்ன சொல்றதுன்னு தெரியாம, "அண்ணன் லோகு அவர்களின் இல்லத்தைக் கடந்துகொண்டிருக்கிறோம், அண்ணன் குடும்பத்தார் நலமோடு இருக்க வேண்டுகிறோம்"னு சொல்லிட்டான். மாடியிலேர்ந்து லோகுவோட அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. எனக்குப் பின் சீட்டுல இருப்புக் கொள்ளல. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "இன்னாடா இது, அவனுக்கே பிரசாரம் பண்றியா?"ன்னு கத்தினேன். அவன் தண்ணி பாட்டிலைக் கவுத்துக் குடிச்சான்.

"திட்டாம பேசறது தொண்டைக்கு நல்லாத்தான் கீது பாய், ஆனா எலெக்சன் வந்தா மாரியே இல்ல."

கல்லாவுக்குப் பின்னால

எங்களுக்கு ரெண்டு பக்கமும் இடி. இந்துக்கள் தெருவுல போனா "பாய் கட்சியா?"ன்னு கேட்பாங்க. நம்ம ஆளுங்க தெருவுக்குப் போனா அதைவிட மோசம். கடைத்தெருவுல ஒரு மொத்த வியாபாரி, அஞ்சு வேளைத் தொழுகையாளி, எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தோஸ்து. என் நோட்டீஸைக் கையில வாங்கவே இல்ல. "தர்கா, கயிறு, போர்வை, இதெல்லாம் மார்க்கத்துல இல்லாதது. உங்களை நான் ஆதரிச்சா நாளைக்கு மறுமையில எனக்குக் கேள்வி உண்டு"ன்னு கடையில நாலு பேர் முன்னால சத்தமா சொன்னான். முகம் சிவந்துடுச்சு எனக்கு. இத்தனை வருஷ சிநேகிதத்தை யோசிச்சுப் பல்லைக் கடிச்சுக்கினு, "சரி மாமு, எங்களுக்காக துஆ செய்"னுட்டுத் திரும்பினேன்.

நாலு கடை தாண்டியிருப்பேன். மூச்சு வாங்க ஓடி வந்து என் தோளைப் பிடிச்சான். அக்கம்பக்கம் பார்த்துட்டு நோட்டீஸ் ஒண்ணு வாங்கி நாலா மடிச்சு உள்பாக்கெட்ல வச்சான்.

"எம்மவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப பொஞ்சாதி உங்க தர்காவுக்குத்தான் தூக்கினு ஓடினா, நானும் வாசல்ல நின்னேன், இத எவன்கிட்டயும் சொல்லாத."

சொல்லலடா. கடைப் பேரைச் சொன்னேனா?

கயிறு

ஓட்டுப் போட மூணு நாள். உண்மையைச் சொல்றேன், காத்து எங்க பக்கம் லேசாத் திரும்பியிருந்தது. ஜெயிப்போம்னு இல்ல. பின்தெரு மொத்தமும், அக்கம்பக்கத் தெருவுல பாதியும் வந்தா லோகு பயந்துகினு யார்டுக்காரங்ககிட்ட பேசி செவுரை நிறுத்துவார்னு ஒரு கணக்கு. சபுரா இறால் கம்பெனியில அரை நாள் லீவு போட்டுட்டு வூடு வூடா ஏறி இறங்கினா. அன்னிக்குச் சாயங்காலம் டில்லி போன்ல ஒரு படத்தைக் காட்டினான். எங்க தர்கா. எங்க ஹஜ்ரத். முன்னால கையை நீட்டிக்கினு லோகு. அவர் மணிக்கட்டுல எங்க ஹஜ்ரத் பச்சைக் கயிறு கட்டுறார். ரெண்டு மணி நேரத்துல அந்தப் படம் ஒவ்வொரு செவுத்துலயும் ஒட்டியாச்சு. கீழ பெருசா, "ஹஜ்ரத்தின் ஆசி பெற்ற வேட்பாளர்."

ஓடினேன். நடக்கல, ஓடினேன். ஹஜ்ரத் வாசல்ல உட்கார்ந்து ரோஜாப்பூவைக் காம்பு கிள்ளிக்கினு இருந்தார். "நம்ம கட்சித் தலைவர் நீங்க! நம்ம வேட்பாளர் சபுரா! எதிராளிக்குக் கயிறு கட்டினா ஜனங்க யாருக்கு ஓட்டுப் போடும்? யூசுஃபை நினைச்சுப் பார்த்தீங்களா?"ன்னு கத்திட்டேன். வாழ்க்கையில முதல்தடவை அவர்கிட்ட குரலை உசத்தினேன். "வந்தவர் கையை நீட்டினார், கட்டினேன்"னார். அவ்வளவுதான் பதில். "முடியாது, எலெக்சன் முடிஞ்சு வான்னு சொல்லியிருக்கலாமே"ன்னேன். அவர் பூவை வச்சிட்டு என் கையைப் பிடிச்சு உட்கார வச்சார். எனக்குக் கால் ஆடுது.

"அவருக்கு மட்டும் நான் வாசலை அடைச்சா, சந்து வழியை அடைக்காதேன்னு யார்டுக்காரங்ககிட்ட எந்த வாயால கேக்கறது காதரு?"

தேவகியின் ஓட்டு

ஓட்டு எண்ணின அன்னிக்குக் காலையில டேபிள் ஓரம் நின்னவன்தான், ரெண்டாவது சுத்துக்கு அப்பால எனக்கு நிக்கவும் முடியல. மிக்ஸிக்கு முந்நூத்துச் சொச்சம். டெபாசிட் காலி. லோகு சுலபமா ஜெயிச்சிட்டார். என்னை அறுத்தது அது இல்ல. அந்தச் சந்து வழியை நம்பி வாழற பின்தெரு பூத்துலயே லோகுதான் முன்னால.

சபுரா அழல. அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போனா. எனக்குத்தான் ஆறல. பின்தெருவுக்குப் போய் ஒவ்வொரு வாசல்லயும் நின்னேன். தேவகின்னு ஒரு அம்மா, சபுரா வூட்டுக்கு எதிர் வூடு. யூசுஃப் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப மாசக்கணக்கா சோறு கட்டிக்கினு போனவங்க. "நீங்க கூடவா மிக்ஸிக்குப் போடல?"ன்னு கேட்டேன். அவங்க முழிச்சாங்க. துளி கள்ளம் இல்ல அந்த முகத்துல. சபுரா காதுல விழக்கூடாதுன்னு குரலை மட்டும் தணிச்சுக்கினாங்க.

"ஹஜ்ரத்து நம்ம கட்சி, அவுரே லோகு கைல கட்டிட்டாரு, அப்போ நம்ம கட்சி ஓட்டு லோகுக்குத்தானண்ணே?"

மனிதாபிமானம்

முடிவு வந்த வாரமே யார்டுக்காரங்க சந்து வாயில பள்ளம் தோண்டிட்டாங்க. நான் ஆபீஸுக்கு லீவு போட்டு அலைஞ்சேன். மண்டல ஆபீஸ், தாலுகா ஆபீஸ், யார்டு கேட், திரும்ப மண்டல ஆபீஸ். ஒவ்வொரு இடத்துலயும் இன்னொரு இடத்தைக் காட்டினாங்க. லோகு வூட்டுக்கு மூணு தபா போனேன். பாராட்டு விழா, குளிக்கிறார், பாராட்டு விழா. அதுக்குள்ள செங்கல் இடுப்பு உசரம் வந்துடுச்சு. யூசுஃப் லாரி ரோட்டுல இறங்கிட்டார். சபுரா அவருக்குப் பின்னாலயே வண்டியைப் பிடிச்சுக்கினு நடந்து, தர்கா வாசல்ல விட்டுட்டு, இறால் கம்பெனிக்கு லேட்டாப் போனா. ஒருநாள் நானும் கூடப் போனேன். ஒரு டிரெய்லரோட பின் டயர் யூசுஃப் தலையை விட உசரமா பக்கத்துல நிக்குது.

கடைசியா யார்டு இன்ஜினீயரைச் சைட்டுலயே பிடிச்சோம், நானும் சபுராவும். பளிச்சுனு சட்டை, மரியாதையா பேசினார். செவுத்துக்கு நடுவுல ஒரு இடைவெளியைக் காட்டினார். ஒண்ணரை அடி இருக்கும். "கவுன்சிலர் கூடச் சொன்னார். மனிதாபிமானத்துல வழி விட்டிருக்கோம். ஆள் போகலாம். வண்டி போற அளவுக்கு விட்டா நாளைக்குப் பொது வழின்னு ஆயிடும், அதான். ஆளுக்குத் தடையே இல்ல"ன்னார். சபுரா அந்த இடைவெளியைப் பார்த்தா, அவரைப் பார்த்தா.

"எங்க வூட்டுக்காரரு ஆளு இல்லியா சார்?"

போர்வை

ஜெயிச்சா தர்காவுல சமாதி மேல போர்வை போத்தறேன்னு லோகு நேந்துகிட்டிருந்தார். கயிறு கட்டினப்பவே சொன்னதாம். எங்க தர்காவுல போர்வைக்கு ஒரு முறை இருக்கு. நேந்தவர் தாம்பாளத்தைத் தன் தலையிலயேதான் தூக்கணும். செருப்பு இல்லாம நடந்து வரணும். தலையில ஏறின போர்வை தர்கா வாசல்லதான் இறங்கணும். நடுவுல கீழ வைக்கக் கூடாது, ஆள் மாத்தக் கூடாது, திரும்பிப் போகவும் கூடாது. லோகு ஆளுங்க எந்த வழியா வரட்டும்னு கேட்டாங்க. ஹஜ்ரத், "லாரி ரோடு வேணாம், ஆபத்து. பின்தெருவுல வந்து சந்து வழியா வரச் சொல்லுங்க"ன்னார். நான் பக்கத்துலதான் இருந்தேன். அவர் முகத்தையே பார்த்தேன். ஒண்ணும் தெரியல. வேணும்னே சொன்னாரா, நெஜமாவே லாரிக்குப் பயந்து சொன்னாரா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, கேக்கவும் தைரியம் வரல.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி வெயில். தாரை தப்பட்டை, பட்டாசு, முந்நூறு பேர். நடுவுல லோகு, நல்ல கனத்த உடம்பு, தலையில பித்தளைத் தாம்பாளம். கவுன்சிலர் ஆச்சேன்னு ஜரிகைப் போர்வை ரெண்டு, தேங்காய் பதினொண்ணு, சர்க்கரை, சந்தனம்னு ஏத்தி வச்சிட்டாங்க. பின்தெரு தாண்டி சந்து வாய்க்கு வந்தா, செவுத்து இடைவெளிக்கு முன்னால யூசுஃப். மூணு சக்கர வண்டியில உட்கார்ந்திருக்கார், மடியில பூக்கூடை. பக்கத்துல சபுரா. வண்டியோட முன் சக்கரம் இடைவெளியில சிக்கி நிக்குது, மேல போகாது. லோகு ஆள் ஒருத்தன், "ஓரம் போ நைனா, போர்வை வருது"ன்னான். யூசுஃப் சிரிச்சார். "போறதுக்குத்தான் நிக்கிறேன்"னார். சபுரா லோகு பக்கம் திரும்பினா. சத்தமே போடல. "வணக்கம்ணே. இவுரு ஏழு மணிலேர்ந்து வரிசையில நிக்கிறாரு. இவுரு போன அப்பால நீங்க போங்க. இதுல இன்னா கீது, குழாயடியில கூட முன்ன வந்தவங்கதான் முன்ன."

அவ்வளவுதான். யாரும் மறியல் பண்ணல, கோஷம் போடல. தப்பட்டை நின்னுடுச்சு. தெருவுல இருந்த பொம்பளைங்க எல்லாம் வாசலுக்கு வந்துட்டாங்க, தேவகியம்மா முதல் ஆளா யூசுஃபுக்குப் பின்னால வந்து வரிசையில நின்னாங்க. அவங்களுக்குப் பின்னால ஒருத்தர், அவருக்குப் பின்னால ஒருத்தர். பார்த்துகினே இருக்கேன், பின்தெரு முழுக்க வரிசை. லோகுவுக்குக் கழுத்து நரம்பு புடைக்குது, வேர்வை கண்ணுல இறங்குது. ஊர் முழுக்கப் போன்ல படம் எடுக்குது. கால் இல்லாத ஒரு மனுஷனைத் தர்காவுக்குப் போற வழியில தள்ளிட்டுப் போக எவனுக்குத் துணிச்சல் வரும்? போர்வையை இறக்க முடியாது. திரும்பவும் முடியாது. என் மனசு அடிச்சுக்கினு இருந்தது. ஐயோ, தாம்பாளம் விழுந்துட்டா வேற கலாட்டா ஆயிடுமேன்னு. கடைசியில லோகு போனைக் காதுல வைக்கச் சொன்னார். ஒருத்தன் வச்சான். யார்டு மேனேஜர். ரெண்டு நிமிஷம் பேச்சு. அப்புறம் லோகு தாம்பாளத்தோட அடியிலேர்ந்து கத்தினார், "கல்ல எடுங்கடா! வண்டி போவட்டும், என் கழுத்து போவுது!"

அவர் ஆளுங்களே கடப்பாறையை எடுத்தாங்க. சிமென்ட் இன்னும் நல்லா இறுகல. எங்க கட்சிக்காரன் ஒருத்தன் கூட ஒரு செங்கல்லைத் தொடல, அல்லா மேல ஆணை. டில்லி வண்டியோட அகலத்தைக் கையால அளந்து, "இன்னும் ரெண்டு கல்லு, இன்னும் ரெண்டு கல்லு"ன்னு மைக் இல்லாமலே கூவினான். நாலடி ஆச்சு. யூசுஃப் ரெண்டு கையாலயும் சுத்தி உள்ள போனார். சபுரா அவர் வண்டியைப் பிடிக்கல, அப்படியே நின்னு பார்த்தா, முந்தானையால வாயைப் பொத்திக்கினா. அப்பதான் அவ அழறதை நான் முதல்தடவை பார்த்தேன். எனக்கும் கண்ணு முட்டிடுச்சு, வெக்கம் என்ன. சந்துக்குள்ள போன யூசுஃப் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். வரிசையில ரெண்டாவதா, தலையில தாம்பாளத்தோட, மூச்சு வாங்கிக்கினு கவுன்சிலர்.

"வாங்க தலைவரே, இப்போ வழி பெர்சாத்தான் கீது."

அந்த நாலடியைத் திரும்ப அடைச்சிடுவாங்களோன்னு இன்னிக்கும் ஆபீஸ் போற வழியை மாத்திக்கினு காலையில ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன், ஏன்னா பன்னிரண்டு வருஷத்துல எங்க கட்சி பிடிச்ச ஒரே இடம் அதுதான், அதையும் எங்களுக்குப் பிடிச்சுக் குடுத்தது எதிர்க்கட்சிக்காரன் கழுத்து வலி.